திரையில் எழும் நகரமும் தீவில் வாழும் நகரமும்

நம் மலரில் பொங்கல் விழாச் செய்தி வரும், பட்டிமன்றச் செய்தி வரும், பிள்ளைகளின் தேர்வு முடிவுகள் வரும். இவற்றுக்கு நடுவே ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டைப் பற்றிக் கட்டுரையா என்று சிலர் புருவத்தை உயர்த்தலாம். காரணம் இருக்கிறது. டாலிகஞ்சிலும் காராச்சர்மாவிலும் நம் வீட்டுப் பிள்ளைகள் விடுமுறை நாட்களில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து ஊர் கட்டுகிறார்கள். சாலை போடுகிறார்கள், மின் நிலையம் வைக்கிறார்கள், வரி வசூலிக்கிறார்கள். பெற்றோர் என்னைப் பார்த்துக் கேட்பது ஒரே கேள்விதான்: "சார், நீங்க ரயில்வேல இன்ஜினீயரா இருந்தவங்க. இதனால பையனுக்கு ஏதாவது பிரயோஜனம் உண்டா? இல்ல, சும்மா பொழுது போகுதா?"

இந்தக் கேள்விக்கு நான் புதிதாகப் பதில் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகைக்காரர்களும் பேராசிரியர்களும் நகரமைப்பு வல்லுநர்களும் இந்த விளையாட்டுகளை அலசியிருக்கிறார்கள். விகடன் சினிமாவுக்கு மார்க் போடுவதுபோல மார்க் போட்டவர்களும் உண்டு. மார்க்கை ஒதுக்கிவிட்டு, விளையாட்டின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தவர்களும் உண்டு. இரண்டாம் வகையினர் சொன்னதுதான் நமக்கு அதிகம் தேவை.

குண்டு போடுவதில் பிறந்த ஊர்

அமெரிக்காவைச் சேர்ந்த வில் ரைட் என்பவர் 1984-ல் வெளிவந்த ஒரு ஹெலிகாப்டர் விளையாட்டை உருவாக்கினார். தீவுகளின் மேல் பறந்து தொழிற்சாலைகளைக் குண்டு போட்டு அழிப்பதுதான் அதில் வேலை. அந்தத் தீவுகளை வரைவதற்காக அவர் ஒரு கருவியைத் தனியாகச் செய்திருந்தார். குண்டு போடுவதைவிடத் தீவில் சாலையும் கட்டடமும் அமைப்பதே அவருக்கு அதிக மகிழ்ச்சி தந்தது. அதிலிருந்து வளர்ந்ததுதான் 1989-ல் மேக்சிஸ் நிறுவனம் வெளியிட்ட 'சிம்சிட்டி'. நகரம் கட்டும் விளையாட்டுகளின் மூதாதை தீவுகளில் பிறந்தது என்பது தீவுவாசிகளான நமக்கு ஒரு சின்னச் சந்தோஷம்.

முதலில் இதை வெளியிடத் தயங்கினார்கள். வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை, சுட்டு வீழ்த்த எதிரியும் இல்லை. இதை யார் காசு கொடுத்து வாங்குவார்கள் என்பது அவர்கள் கவலை. நடந்ததோ வேறு. விமர்சகர்கள் பாராட்டினார்கள். 'டிராகன்' என்ற இதழ் ஐந்துக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்தது. குழந்தைகள் மட்டுமின்றிப் பெரியவர்களும் வாங்கினார்கள். பள்ளிகளும் கல்லூரிகளும் வகுப்பறைக்குக் கொண்டு போயின. 1993-ல் வந்த இரண்டாம் பதிப்பான 'சிம்சிட்டி 2000'-ஐ நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 2012-ல் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது.

விளையாடாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெறும் நிலம் ஒன்று திரையில் தோன்றும். நீங்கள்தான் மேயர். இது குடியிருப்பு, இது கடைவீதி, இது தொழிற்பேட்டை என்று நிலத்தைப் பிரிக்க வேண்டும். மின்சாரமும் பாதையும் கொடுத்தால் மக்கள் தாமே வந்து குடியேறுவார்கள். வரியைக் கூட்டினால் முணுமுணுப்பார்கள். குற்றம் பெருகினால் ஊரைவிட்டுப் போவார்கள். ஒரு இடத்தில் கை வைத்தால் இன்னொரு இடத்தில் விளைவு தெரியும். இந்தப் பாடம் உண்மையிலேயே நல்ல பாடம். பொறியியல் டிப்ளமோ படிக்கும்போது எங்களுக்குப் பாலம் தனி, வடிகால் தனி, மண்ணியல் தனி என்றுதான் சொல்லிக் கொடுத்தார்கள். எல்லாம் ஒன்றையொன்று இழுக்கும் என்பது வேலையில் சேர்ந்த பிறகுதான் புரியும். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அது விளையாட்டிலேயே புரிகிறது என்றால் அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

ஸ்டேஷன் இல்லாத ரயில்

என் தொழில் சம்பந்தப்பட்ட இடத்துக்கு வருகிறேன். முதல் சிம்சிட்டியில் சாலை ஒரு கட்டத்துக்குப் பத்து டாலர், ரயில் பாதை இருபது டாலர். சாலையில் வண்டி பெருகினால் நெரிசலும் புகையும் வரும். ரயில் பாதையில் நெரிசலும் கிடையாது, புகையும் கிடையாது. ஆகவே கெட்டிக்காரப் பிள்ளைகள் சாலையே போடாமல் ஊர் முழுக்கத் தண்டவாளமாகப் போட்டுவிடுவார்கள். ஊர் ஜம்மென்று வளரும். அதைவிட வேடிக்கை, அந்த முதல் பதிப்பில் ஸ்டேஷனே கிடையாது. வீட்டு வாசலில் தண்டவாளம் போனால் போதும். மக்கள் எப்படியோ ஏறி எப்படியோ இறங்கிவிடுவார்கள். ஸ்டேஷன் வேண்டும் என்ற விதி இரண்டாம் பதிப்பில்தான் வந்தது.

ரயில்வேக்காரனுக்கு இதைக் கேட்க இனிக்கத்தான் செய்யும். ஆனால் சென்னையில் நடந்ததைப் பாருங்கள். பறக்கும் ரயில் 1995-ல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை ஓடத் தொடங்கியது. 1997-ல் மயிலாப்பூருக்கும் 2007-ல் வேளச்சேரிக்கும் நீண்டது. பெரிய பெரிய ஸ்டேஷன்கள் எழுந்தன. கூட்டம் மட்டும் எதிர்பார்த்த அளவு வரவில்லை. ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்குப் போக இணைப்புப் பஸ் சரியாக இல்லை, நடைபாதை இல்லை, இருட்டினால் படியேறப் பயம். வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்குப் பாதை போடும்போது ஏறத்தாழ ஐந்நூறு மீட்டர் நீளத்துக்கு நிலம் எடுக்க முடியாமல் வழக்கு, இழப்பீடு என்று ஆண்டுக்கணக்கில் வேலை நின்றது. திரையில் அது இரண்டு விநாடி வேலை.

ரயிலே இல்லாத தீவில் ஒரு ரயில்வேக்காரன் ஓய்வு பெற்று உட்கார்ந்திருப்பதைச் சொல்லி நண்பர்கள் என்னைக் கேலி செய்வார்கள். போர்ட் பிளேரிலிருந்து (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) டிக்லிப்பூர் வரை சுமார் 240 கிலோமீட்டர் ரயில் பாதை போடலாம் என்று 2017-ல் பேச்சு வந்தது. என் பேரன் அதைத் திரையில் ஒரே மாலையில் போட்டு முடித்துவிட்டான். நடுவே எத்தனை உப்பங்கழி, எத்தனை பாலம், எவ்வளவு காடு, ஏற்றம் எத்தனைக்கு ஒன்று என்று கேட்டேன். "அதெல்லாம் கேம்ல கேக்காது தாத்தா" என்றான். கேட்காத கேள்விகளில்தான் ஒரு இன்ஜினீயரின் வாழ்நாளே கழிகிறது.

விதியை எழுதியவர் யார்?

வில் ரைட் தன் விளையாட்டின் கணக்குகளை அமைக்கும்போது பல நூல்களைப் படித்தார். அவற்றில் முக்கியமானது எம்.ஐ.டி. பேராசிரியர் ஜே ஃபாரஸ்டர் 1969-ல் எழுதிய நகர இயக்கம் பற்றிய நூல். ஃபாரஸ்டர் மின்பொறியாளர், ஆரம்பகாலக் கம்ப்யூட்டர் ஒன்றை உருவாக்கிய குழுவின் தலைவர். ஒரு தொட்டியில் தண்ணீர் எவ்வளவு வருகிறது, எவ்வளவு போகிறது, எவ்வளவு நிற்கிறது என்று கணக்கிடுவதுபோல, ஒரு நகரத்தில் மக்களும் வீடுகளும் வேலைகளும் வருவதையும் போவதையும் சமன்பாடுகளாக எழுதினார். ஏழைகளுக்குக் குறைந்த வாடகை வீடுகள் கட்டினால் நகரம் இன்னும் நலியும் என்று அவர் கணக்கு சொன்னது. நகரமைப்பு வல்லுநர்கள் பலர் இதைக் கடுமையாக எதிர்த்தார்கள். கணக்கில் தப்பில்லை, கணக்குக்குள் எதை வைத்தார், எதை விட்டார் என்பதில்தான் சண்டை.

இந்த விஷயத்தை விளையாட்டுக்குப் பொருத்திப் பார்த்தவர் பால் ஸ்டார் என்ற சமூகவியல் பேராசிரியர். 1994-ல் ஒரு அமெரிக்க அரசியல் இதழில் சிம்சிட்டி பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். அதன் சாரத்தை என் வார்த்தையில் சொல்கிறேன்: விளையாடுபவர் விளைவைப் பார்க்கிறார், விதியைப் பார்ப்பதில்லை. விதி ஒரு மூடிய பெட்டிக்குள் இருக்கிறது. அரசாங்கங்களும் இப்படிப்பட்ட கம்ப்யூட்டர் கணக்குகளை நம்பித்தான் பெரிய முடிவுகளை எடுக்கின்றன. ஆகவே பெட்டியைத் திறந்து பார்க்கும் பழக்கம் குடிமக்களுக்கு வேண்டும். அமெரிக்க மருத்துவக் காப்பீட்டுச் சீர்திருத்த வேலையில் ஆலோசகராக இருந்து, அத்தகைய கணக்குகளோடு மல்லுக்கட்டியவர் அவர் என்பதால் அந்தப் பேச்சுக்கு எடை உண்டு.

எம்.ஐ.டி.யைச் சேர்ந்த ஷெர்ரி டர்க்கிள் 1995-ல் வெளியிட்ட நூலில் ஒரு பள்ளி மாணவியைப் பற்றி எழுதியிருக்கிறார். அந்தப் பெண் சிம்சிட்டியில் கெட்டிக்காரி. விளையாட்டில் கற்ற பத்து விதிகளை ஒப்பித்தாள். அவற்றில் ஒன்று, வரியைக் கூட்டினால் எப்போதும் கலவரம்தான் என்பது. விளையாட்டின் விதியை உலகத்தின் விதி என்று அவள் நம்பிவிட்டாள். டர்க்கிள் மூன்று வழிகளைச் சொல்கிறார். விளையாட்டு சொல்வதை அப்படியே ஏற்பது ஒன்று. விளையாட்டே வேண்டாம் என்று தள்ளுவது இன்னொன்று. அதன் உள்ளே என்னென்ன அனுமானங்கள் ஒளிந்திருக்கின்றன என்று ஆராயக் கற்பது மூன்றாவது. நம் பெற்றோரில் பாதிப் பேர் முதல் வழியில் இருக்கிறார்கள், பாதிப் பேர் இரண்டாம் வழியில் இருக்கிறார்கள். மூன்றாம் வழி பக்கம்தான் ஆளில்லை.

இதை முற்றிலும் உணர்த்திய சம்பவம் ஒன்று 2010-ல் நடந்தது. பிலிப்பைன்ஸ் நாட்டுக் கட்டடக்கலை மாணவர் ஒருவர் 'சிம்சிட்டி 3000' விளையாட்டில் அறுபது லட்சம் மக்கள் வாழும் நகரத்தைக் கட்டி, அதை வீடியோவாக வெளியிட்டார். ஆண்டுக்கணக்கில் தாளில் கணக்குப் போட்டுச் செய்தது அது. சாலையே இல்லை, எல்லாம் சுரங்க ரயில். விளையாட்டின் கணக்குப்படி அதைவிட நல்ல நகரம் இருக்க முடியாது. ஆனால் அந்த ஊரில் மக்கள் ஐம்பது வயதைத் தாண்டுவதில்லை. கல்வி இல்லை, மருத்துவமனை இல்லை. ஒரே மாதிரிக் கட்டடங்கள், எங்கு பார்த்தாலும் காவல் நிலையம். விளையாட்டில் முழு மார்க் வாங்கிய நகரம், வாழ முடியாத நகரம். அதைக் காட்டவேண்டும் என்பதே அந்த மாணவரின் நோக்கமும்.

மார்க் போட்டவர்கள் திணறிய கதை

2013 மார்ச்சில் சிம்சிட்டியின் புதிய பதிப்பு வந்தது. அதற்குள் மேக்சிஸை எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் வாங்கியிருந்தது. தனியாக விளையாடினாலும் இன்டர்நெட் தொடர்பு எப்போதும் இருக்க வேண்டும் என்று வைத்தார்கள். வெளியான நாளிலிருந்து கம்பெனியின் சர்வர்கள் தாங்கவில்லை. காசு கொடுத்து வாங்கியவர்கள் வாசலில் காத்து நின்றார்கள். அமேசான் சில நாள் விற்பனையை நிறுத்தியது. ஈடாக இன்னொரு விளையாட்டை இலவசமாகக் கொடுத்தது கம்பெனி.

'பாலிகன்' என்ற விமர்சன இதழ் முதலில் பத்துக்கு ஒன்பதரை மார்க் கொடுத்தது. அடுத்து எட்டாகக் குறைத்தது, பிறகு நான்காகக் குறைத்தது, நிலைமை சற்றுச் சீரானதும் ஆறரையாக ஏற்றியது. ஒரே விளையாட்டுக்கு நான்கு மார்க்! காரணம் எளிது. வெளியாவதற்கு முன் நெரிசல் இல்லாத சர்வரில் விளையாடிப் பார்த்து முதல் மார்க் போட்டார்கள். திறப்பு விழாவுக்கு முன் காலிப் பெட்டிகளை ஓட்டிப் பார்த்துப் பாலத்துக்குச் சான்றிதழ் கொடுத்தால் எப்படி இருக்கும்? பாரம் ஏற்றித்தான் பார்க்க வேண்டும்.

நம் தீவு இதில் இன்னும் ஒரு படி பின்னே இருந்தது. சென்னையிலிருந்து கடலுக்கடியில் சுமார் 2,300 கிலோமீட்டர் ஃபைபர் கேபிள் வந்து சேர்ந்தது 2020 ஆகஸ்டில்தான். அதற்கு முன் நமக்குச் செயற்கைக்கோள் தொடர்புதான். ஒரு மெயில் அனுப்பிவிட்டு டீ குடித்துவிட்டு வரலாம். 2013-ல் அந்த விளையாட்டை இங்கே ஒரு பிள்ளை வாங்கியிருந்தால் பெட்டியை அழகு பார்த்திருக்கலாம். இன்டர்நெட் இல்லாமலே விளையாடும் வசதி 2014 மார்ச்சில் கொடுக்கப்பட்டது. நல்ல லைன் இருக்கும் ஊரில் உட்கார்ந்து எழுதிய விமர்சனம் எல்லா ஊருக்கும் பொருந்தாது என்பதை இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

வாடிக்கையாளர் கோபத்தில் ஒரு சின்ன கம்பெனி முன்னுக்கு வந்தது. பின்லாந்தின் தாம்பரே நகரில் பத்துப் பதினைந்து பேர் கொண்ட கொலாசல் ஆர்டர் நிறுவனம் 2015 மார்ச்சில் 'சிட்டீஸ் ஸ்கைலைன்ஸ்' விளையாட்டைக் கொண்டுவந்தது. இன்டர்நெட் தொடர்பு கட்டாயமில்லை, ஊர் பெரியதாக வளரலாம், ஒவ்வொரு வண்டியும் எங்கே புறப்பட்டு எங்கே போகிறது என்று பார்க்கலாம். விமர்சகர்கள் கொண்டாடினார்கள், ஒரு மாதத்துக்குள் பத்து லட்சம் பிரதிகள் விற்றன. அதே கம்பெனி 2023 அக்டோபரில் இரண்டாம் பாகம் வெளியிட்டபோது சாதாரணக் கம்ப்யூட்டரில் அது திணறியது. விமர்சகர்கள் அதையும் விட்டுவைக்கவில்லை.

இன்னொரு நுட்பமான செய்தி. 2013 பதிப்பை வடிவமைத்தவர்களில் ஒருவர் பேட்டியில் சொன்னது இது. உண்மை ஊர்களில் கார் நிறுத்த எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். அதை அப்படியே வைத்தால் ஊர் பாதி காலி மைதானமாகிவிடும், விளையாட்டும் சலித்துவிடும் என்று, பெரும்பாலான கார்கள் தரைக்கு அடியில் நிற்பதாக வைத்துக்கொண்டார்களாம். திரையில் தெரியும் நிறுத்துமிடங்கள் உண்மையில் இருப்பதைவிட மிகச் சிறியவை. கார் நிறுத்துமிடம் என்ற தலைவலியின் உண்மையான அளவு அந்த ஊரில் பிள்ளைக்குத் தெரிய வராது.

நம் ஊரை வைத்துப் பார்த்தால்

விமர்சகர்கள் எழுதியதை எல்லாம் படித்தபின் நம் தீவுக்குப் பொருத்திப் பார்த்தேன். நான்கு இடங்களில் விளையாட்டு வாயை மூடிக்கொள்கிறது.

முதலாவது தண்ணீர். முதல் சிம்சிட்டியில் குடிநீர் என்ற பேச்சே இல்லை. இரண்டாம் பதிப்பில் பம்பும் குழாயும் வந்தன. பம்பை வைத்தால் தண்ணீர் வரும். நமக்கோ தனிக்காரி அணை நிரம்பினால்தான் தண்ணீர். மழை தவறிய கோடைகளில் ஒருநாள் விட்டு ஒருநாள், அதையும் தாண்டி முறை வைத்து விட்டதை நம் வீட்டுப் பெண்களைக் கேட்டால் தேதியோடு சொல்வார்கள்.

இரண்டாவது மின்சாரம். திரையில் மின் நிலையத்தை வைத்த மறு விநாடி விளக்கு எரியும். எரிபொருள் எந்தக் கப்பலில் வருகிறது என்ற கேள்வி இல்லை. நம் தீவுகள் நெடுங்காலமாகக் கப்பலில் வந்த டீசலில்தான் வெளிச்சம் கண்டன. அதைக் குறைப்பதற்காக நெய்வேலியின் என்.எல்.சி. நிறுவனம் டாலிகஞ்சிலும் ஆட்டம்பகாடிலும் சேர்த்து 20 மெகாவாட் சூரிய மின் நிலையம் அமைத்தது. மேகம் மறைத்தால் சமாளிக்கப் பெரிய பேட்டரித் தொகுதியும் வைத்தது. பிள்ளையை வெளியே அழைத்துப் போய்க் காட்டுங்கள். திரையில் பார்க்கும் சின்னப் படத்துக்குப் பின்னால் எத்தனை கம்பி, எத்தனை வேலை என்று தெரியும்.

மூன்றாவது பேரிடர். விளையாட்டில் நிலநடுக்கமும் வெள்ளமும் உண்டு. 1906 சான்பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்தை ஒரு பாடமாகவே வைத்திருந்தார்கள். ஆனால் பிடிக்கவில்லை என்றால் சேமித்து வைத்த பழைய ஊரை எடுத்துக்கொள்ளலாம். 2004 டிசம்பர் 26-க்குப் பின் தெற்கு அந்தமான் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. சிப்பிகாட் பக்கத்து வயல்களில் ஏறிய கடல்நீர் திரும்பிப் போகவில்லை. எந்தப் பொத்தானை அழுத்தியும் அந்த வயல் வராது.

நான்காவதுதான் முக்கியம். விளையாட்டு எப்போதும் வெறும் நிலத்தில் தொடங்குகிறது. அங்கே ஏற்கெனவே யாரும் இல்லை. ஒரு கட்டடத்தை இடிக்க ஒரு கட்டத்துக்கு ஒரு டாலர். புல்டோசர் படத்தைத் தொட்டால் போதும். இடிபட்ட வீட்டில் இருந்தவர் எங்கே போனார் என்று திரை காட்டாது. சென்னையில் 2000 முதல் ஆற்றங்கரைக் குடிசைகளிலிருந்து பெயர்த்து ஒக்கியம் துரைப்பாக்கம் கண்ணகி நகருக்குக் கொண்டுபோன குடும்பங்களைக் கேட்டால் தெரியும். வீடு கிடைத்தது, வீட்டு வேலைக்குப் போன பெண்களுக்கு வேலை இருந்த தெரு வெகு தொலைவாகிவிட்டது. இங்கே ஜாரவா மக்களின் காட்டுக்கு நடுவே போன அந்தமான் டிரங்க் ரோட்டை அந்தப் பகுதியில் மூடும்படி 2002-ல் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டி வந்தது. வரைபடத்தில் பச்சையாக இருப்பது எல்லாம் காலி இடம் அல்ல.

நாமும் வந்து குடியேறியவர்கள்தாம். இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பங்கள் கச்சாலின் ரப்பர் தோட்டத்துக்கு வந்தன. பிழைப்புத் தேடி ராமநாதபுரத்திலிருந்தும் மதுரையிலிருந்தும் கப்பலேறியவர்கள் நம்மில் எத்தனை பேர்! விளையாட்டில் நிலத்தைப் பச்சையாக்கினால் பெயரில்லாத மனிதர்கள் தாமே வந்து நிரம்புகிறார்கள். எங்கிருந்து, ஏன், என்ன விட்டுவிட்டு வந்தார்கள் என்று அது கேட்பதில்லை. அந்தக் கதை நம் பிள்ளைகளுக்கு நம்மிடமிருந்துதான் கிடைக்க வேண்டும்.

என்ன செய்யலாம்?

விளையாட்டைப் பிடுங்கி வைக்க வேண்டாம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது சரி. ஆனால் சுரைக்காய் எப்படி இருக்கும் என்றாவது ஏடு காட்டுகிறதே! வாரத்தில் ஒரு நாள் பிள்ளையின் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காருங்கள். கம்ப்யூட்டர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. இந்த மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இந்த ஊரில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? இந்த இடத்தில் உனக்கு முன் யார் இருந்தார்கள்? இந்த விதியை எழுதியது யார், நீ எழுதினால் எப்படி மாற்றுவாய்?

மூன்றாம் கேள்விக்குப் பதில் தேடும் பிள்ளைதான் நாளைக்கு உண்மையான வரைபடத்தைக் கையில் எடுக்கும்போது உருப்படியாக யோசிப்பான் அல்லது யோசிப்பாள். பெரிய நிக்கோபாரில் துறைமுகமும் புது நகரியமும் அமைக்கும் திட்டத்துக்கு 2022-ல் சுற்றுச்சூழல் அனுமதி கொடுக்கப்பட்டது. அதைப் பற்றி ஆதரவும் எதிர்ப்புமாக எவ்வளவோ பேசப்பட்டிருக்கிறது. அந்த வாதங்களுக்குள் நான் இங்கே போகவில்லை. ஒன்று மட்டும் நிச்சயம்: இத்தீவுகளில் இனி எது கட்டினாலும் அதன் கணக்கைச் சரிபார்க்கும் இடத்தில் நம் பிள்ளைகளில் சிலராவது உட்காருவார்கள்.

அடுத்த மாதக் கூட்டத்துக்குப் பிள்ளைகள் தாம் கட்டிய ஊரைப் படமெடுத்துக் கொண்டுவரட்டும். கூடவே டாலிகஞ்ச் சந்திப்பின் நிஜமான படம் ஒன்றைத் தாளில் வரைந்து கொண்டுவரட்டும்: வடிகால் எங்கே, பஸ் எங்கே நிற்கிறது, பாட்டி எந்த இடத்தில் சாலையைக் கடக்கப் பயப்படுகிறார் என்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசுவோம். மார்க் போட நான் வரமாட்டேன். கேள்வி கேட்க மட்டும் வருவேன்.